மகளுக்கு அனுப்பும் கைமருந்துப் பெட்டி

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா எழுதுவது. நீ கேட்ட கைமருந்துச் சாமானை எல்லாம் நாட்டுமருந்துக் கடையில் பார்த்து வாங்கி, வெயிலில் காயவைத்து, பார்சல் போட்டுவிட்டேன். எதை எவ்வளவு கொடுப்பது, எந்த இடத்தில் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போவது என்று தெரியாமல் சாமானை மட்டும் வைத்திருந்தால் பயனில்லை. அதனால் இந்தக் கடிதத்தை ஒரு நகல் எடுத்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடு.

முதலில் பாப்பா விஷயம். அவளுக்கு இன்னும் ஒரு வயது முடியவில்லை. இந்தப் பெட்டியில் இருக்கும் எதுவும் அவள் வாய்க்குப் போகக் கூடாது. தேன் துளிகூட நாக்கில் தடவக் கூடாது. தேனில் பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை முளைக்காது, ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும், கை கால் துவண்டு மூச்சே தடைபடும். மூக்கடைப்பு என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் நேரே குழந்தை டாக்டர்தான்.

வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் வைக்கச் சொல்லி யாராவது நிச்சயம் சொல்வார்கள். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பேரே இருக்கிறது, சொல்பவர்கள் பாசத்தில்தான் சொல்வார்கள். ஆனால் வசம்பில் பீட்டா ஆசரோன் என்ற பொருள் இருக்கிறது. சோதனை விலங்குகளில் அது புற்றுநோய் உண்டாக்கியதால்தான் அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். பெட்டியில் வசம்பு வைக்கவில்லை. கட்டிக் கற்பூரமும் வைக்கவில்லை. அதைக் குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரும். வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கொடுத்தும் குழந்தைகளுக்கு வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்திருக்கின்றன. பற்பம், செந்தூரம் எல்லாம் உலோகம் சேர்ந்த மருந்துகள், படித்த சித்த மருத்துவர் நாடி பார்த்துக் கொடுக்க வேண்டியவை. வீட்டுப் பெட்டிக்கு அவை ஆகாது.

இனி உள்ளே இருப்பவை. எல்லாவற்றையும் முழுசாகத்தான் வாங்கியிருக்கிறேன், பொடியாக ஒன்றும் வாங்கவில்லை. பொடியில் கலப்படம் கண்ணுக்குத் தெரியாது, மணமும் சீக்கிரம் போய்விடும். அங்கே தீர்ந்துபோய் வாங்கும்போது நீயும் அப்படியே வாங்கு. கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். தண்ணீரில் போட்டால் மூழ்கும், அல்லது தலை மேலாக நிற்கும். படுத்து மிதந்தால் எண்ணெய் எடுத்த சக்கை. மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கும், கடித்தால் காரம் இருக்காது. சுக்கு வெள்ளை வெளேர் என்று இருந்தால் சுண்ணாம்பு பூசியது. ஒடித்துப் பார், உள்ளே நார் தெரியணும், பூச்சி துளைத்த மாவு கொட்டக் கூடாது. மஞ்சள் கிழங்கு கண்ணைப் பறிக்கும் மஞ்சளாகப் பளபளத்தால் வாங்காதே. நிறத்துக்காக ஈயம் கலந்த குரோமேட் பூசி விற்பது நம் நாட்டிலும் பங்களாதேஷிலும் பிடிபட்டிருக்கிறது, ஈயம் குழந்தை மூளைக்குப் போய்ச் சேரும்.

சளி, இருமலுக்குத்தான் இந்தப் பெட்டி அதிகம் திறக்கப்படும். அதற்குத் திரிகடுகுப் பொடி. சுக்கு, மிளகு, திப்பிலி தலா 15 கிராம். சுக்குக்குப் புறம் நஞ்சு என்பார்கள், மேல்தோலைக் கத்தியால் சுத்தமாகச் சுரண்டிவிட்டு அப்புறம் எடை போடு. மூன்றையும் தனித்தனியாக வெறும் வாணலியில் சிறுதீயில் மணம் வரும்வரை வறுக்கணும். சேர்த்து வறுத்தால் சுக்கு சூடேறுவதற்குள் திப்பிலி கருகிவிடும். சுக்கை முதலில் இடிகல்லில் தட்டிக்கொள், முழுசாகப் போட்டால் மிக்ஸி பிளேடு சிக்கும். நன்றாக ஆறிய பிறகு அரை. சூட்டோடு அரைத்து மூடினால் ஆவி உள்ளேயே நின்று பொடி கட்டிபட்டு, பத்து நாளில் பூஞ்சை மணம் அடிக்கும். மெல்லிய பருத்தித் துணியில் சலித்துவிடு, தொண்டையில் நார் குத்தாது.

பெரியவர்களுக்குக் கால் டீஸ்பூன், ஒரு டீஸ்பூன் தேனில் குழைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு, காலையும் இரவும், 3 நாள். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் நெஞ்செரியும். அல்சர் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் மற்ற மருந்துகளை உடம்பு கூடுதலாக உறிஞ்சச் செய்யும். அதனால் வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தப் பொடி கூடாது. வறட்டு இருமலுக்கு அதிமதுரம், அரை விரல் நீளத் துண்டு, வாயில் அடக்கிக்கொண்டு சாறு விழுங்கினால் போதும். அதை நாள்கணக்கில் தொடரக் கூடாது, பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும். பி.பி. உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே கூடாது. ஆவி பிடிப்பது பெரியவர்கள் மட்டும், பாத்திரத்தை மேசைமேல் அசையாமல் வைத்துக்கொண்டு. பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆவி பிடிக்காதே. இந்த வைத்தியத்தில் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது உண்டு.

இருமல் 2 வாரம் தாண்டினால், சளியில் ரத்தம் கண்டால், மூச்சு வாங்கினால் இந்தப் பெட்டியை மூடிவிடு.

வயிற்றுக்கு ஓமம். அஜீரணம், வாயுப் பிடிப்புக்கு ஒரு டீஸ்பூன் ஓமத்தை லேசாக வறுத்து, ஒன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, முக்கால் டம்ளராகச் சுண்டவிட்டு வடிகட்டிச் சூடு ஆறுவதற்குள் குடிக்கணும். மூடிபோட்டுக் கொதிக்கவை. ஓமத்தின் குணம் தைமால் என்ற ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது, திறந்து கொதிக்கவிட்டால் வீடு முழுக்க மணக்கும், டம்ளரில் ஒன்றும் மிஞ்சாது.

வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்து மூலிகை இல்லை, உப்புச் சர்க்கரைத் தண்ணீர். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆறு வைத்திருக்கிறேன். உறையைப் படித்துப் பார்த்துக் கரை. ஒரு லிட்டருக்கான பொட்டலமும் உண்டு, 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் உண்டு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு கூடி ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிப் போட்டால் அளவு தப்பும். பொட்டலம் இல்லாத வேளையில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே. இதோடு பெரியவர்கள் வேண்டுமானால் ஒரு டீஸ்பூன் வெந்தயத்தை மோரில் ஊறவைத்துச் சாப்பிடலாம். மலத்தில் ரத்தம் போனாலோ, சிறுநீர் குறைந்து வாய் வறண்டாலோ ஆஸ்பத்திரி.

மலச்சிக்கலுக்குக் கடுக்காய். இதற்கு அகம் நஞ்சு, உடைத்துக் கொட்டையை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் பொடி பண்ணு. அரை டீஸ்பூன் வெந்நீரில், படுக்கும்போது. கர்ப்பிணிகளுக்கு ஆகாது. இன்னொன்று, வலிக்கும் வயிற்றுக்குப் பேதி மருந்து கொடுக்கவே கூடாது. குடல்வால் அழற்சியாக இருந்தால் அது உள்ளேயே வெடித்துவிடும். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றில் வந்து நிற்கும் வலிக்கு ஓமத் தண்ணீர்கூட வேண்டாம், உடனே கிளம்பணும்.

நிலவேம்புக் குடிநீர்ப் பொடி 100 கிராம், அரசாங்க நிறுவனமான டாம்ப்கால் தயாரித்தது. நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என்று ஒன்பது சரக்கு. ஒரு டீஸ்பூன் பொடி, 240 மில்லி தண்ணீர், 60 மில்லியாகச் சுண்டணும். மூன்று மணி நேரத்துக்குள் குடித்துவிடணும், நேற்றுக் காய்ச்சியதைச் சூடுபண்ணிக் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இல்லை. உடம்புவலியோடு வரும் சாதாரணக் காய்ச்சலுக்கு இது துணை, அவ்வளவுதான். காய்ச்சல் மூன்றாம் நாளும் இருந்தால் ரத்தப் பரிசோதனை. டெங்கு காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆளைக் கவிழ்க்கும், குணமாகிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் ரத்தம் என்று வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதே. டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாரசிட்டமால் தவிர ஆஸ்பிரின், புரூஃபன் எதுவும் கொடுக்காதே. அவை ரத்தக்கசிவைக் கூட்டும்.

தீக்காயத்துக்கு ஓடும் குழாய்த் தண்ணீர், 20 நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்து. ஐஸ் வேண்டாம், இங்க், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். அப்புறம் தோல் சிவந்து மட்டும் இருந்தால் கற்றாழை. மடலை வெட்டியதும் தலைகீழாகக் கால் மணி நேரம் சாய்த்து வை, மஞ்சள் பால் வடிந்துவிடும். அது தோலில் அரிப்பு உண்டாக்கும். கழுவி, தோல் சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடிச் சோற்றை மட்டும் தடவு. கொப்புளம் உடைந்திருந்தாலும், முகம், கை, மூட்டு வெந்திருந்தாலும், பாப்பாவுக்கு என்றாலும் டாக்டர் பார்க்கட்டும்.

வெட்டுக்காயத்தில் மஞ்சள்தூளோ காப்பித்தூளோ அப்புவதை விட்டுவிடு. அடுப்படித் தூளில் தூசியும் கிருமியும் இருக்கும், ஆழம் எவ்வளவு என்று டாக்டருக்கும் தெரியாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கட்டு. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று ஒவ்வொருவர் பேரிலும் எழுதி வை. மஞ்சளின் வேலை சுளுக்குப் பற்றில். அதுவும் வீக்கம் முதல் இரண்டு நாள் குளிர்ந்த ஒத்தடம் பார்த்து அடங்கிய பிறகு.

பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய், அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு கலந்து பஞ்சில் தொட்டு வலிக்கும் பல்லில் வைக்கணும். கலக்காமல் வைத்தால் ஈறு வெந்துவிடும். புட்டி பாப்பா கைக்கு எட்டக் கூடாது, கொஞ்சம் விழுங்கினாலும் ஈரலைக் கெடுக்கும். பல் டாக்டரைப் பார்க்கும்வரை ஓர் இரவைக் கடத்தத்தான் அது.

அத்தை ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள் இல்லையா, அவர்களுக்கு இந்தப் பெட்டியிலிருந்து எதுவும் உள்ளுக்குக் கொடுக்காதே. குழம்பில் போடும் மஞ்சள், இஞ்சி, பூண்டு சரி, மருந்து அளவில் சாப்பிட்டால் ரத்தக்கசிவு வரலாம். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை மாத்திரை இருப்பதால் வெந்தயத்தைத் தினமும் ஊறவைத்துச் சாப்பிடச் சொல்லாதே, இரண்டும் சேர்ந்து சர்க்கரையை ஒரேயடியாக இறக்கும்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர், கட்டுத்துணி, பிளாஸ்திரி, முள்வாங்கி, மழுங்கிய முனைக் கத்தரிக்கோல், பாரசிட்டமால் இவற்றை அங்கே வாங்கிச் சேர்த்துக்கொள். மூடியின் உட்புறம் 108-ஐயும் உங்கள் குழந்தை டாக்டர் நம்பரையும் பெரிய எழுத்தில் ஒட்டு. சரக்குகளை அஞ்சறைப் பெட்டியில் போடாதே, ஈரக் கரண்டி போய்வரும் இடம் அது. இறுக்கமான கண்ணாடிப் புட்டி, அடுப்புக்குத் தூரமாக, பாப்பாவுக்கு எட்டாத மேல் தட்டு. ஒவ்வொரு புட்டியிலும் பெயரும் அரைத்த தேதியும் ஒட்டு. பொடியின் ஆயுசு மூன்று மாதம், அதற்கு மேல் மணம் இருந்தாலும் கொட்டிவிட்டுப் புதிதாக அரை. முழுச் சரக்கு ஒரு வருஷம் தாங்கும், மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் வெயிலில் காட்டு.

பார்சல் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். அடுத்த முறை அத்தையை டாக்டரிடம் கூட்டிப் போகும்போது இந்தக் கடிதத்தையும் எடுத்துப் போய், அவர்கள் மருந்துச் சீட்டோடு காட்டிக் கேட்டுவிட்டு வா. டாக்டர் எதை வேண்டாம் என்கிறாரோ அந்தப் புட்டியை எடுத்துவிடு.

அன்புடன்,
அம்மா