காந்தத்தை வைத்துப் பார்

குன்னூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கண்ணு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போன் வந்தால்தானே தெரியும்? கோவை ஒன்றும் சீமை இல்லை. இங்கே நாலு நாளாக மழை. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான்.

நீ வாங்கப் பார்க்கிற அந்தப் பழைய மாருதி எஸ்டீம் ரேஸ் கார் போட்டோக்களைத் தம்பி காட்டினான். அவனைத் திட்டாதே, நான்தான் பிடுங்கிப் பார்த்தேன். விற்கிறவர் எழுதியதையும் படித்தேன். சோழவரம் ரேஸில் ஜெயித்த வண்டியாம். நான் 1986-ல் முதலாளியோடு சோழவரம் போய்ப் பார்த்தவன். யுத்தகாலத்து விமான ஓடுதளம் அது, வெயில் மண்டையைப் பிளக்கும். இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது 1990-ல், ரேஸ் அங்கே போய்விட்டது. எஸ்டீம் கடைக்கு வந்ததே 1994-ல்தான். பிறக்காத பிள்ளை எங்கே போய் ஓடியது?

ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லியிருப்பார் என்பாய். சரி, இருக்கட்டும். எந்த வருஷம், என்ன கிளாஸ், யார் ஓட்டியது, வண்டியில் என்ன நம்பர் என்று கேள். உண்மையாக ஓடியிருந்தால் ரிசல்ட் தாளில் இருக்கும். கப்பைக் காட்டினால் மயங்காதே. கப்பில் சேஸிஸ் நம்பர் வெட்டுவதில்லை.

சேஸிஸ் நம்பரை நேரில் பார். எழுத்தெல்லாம் ஒரே ஆழமா, சுற்றிலும் கிரைண்டர் ஓடிய கோடு உண்டா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார். வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கிற ரோல் கேஜ் கூண்டு சீம்லெஸ் பைப்பா, இல்லை பெயிண்ட் அடித்த தண்ணீர் பைப்பா? சீட் பெல்ட்டில் ஒரு துணிச்சீட்டு தைத்திருக்கும், எந்த வருஷம் வரை செல்லும் என்று அதில் போட்டிருக்கும். அந்த வருஷம் தாண்டிய பெல்ட்டோடு, ரேஸுக்கு முன்னால் வண்டியைச் சோதிக்கிற ஸ்க்ரூட்டினியில் விடமாட்டார்கள். போன வருஷம்கூட ஓடியது என்கிறாரே, சீட்டு என்ன சொல்கிறது என்று பார். உனக்குத் தெரியாததா? பத்து வயதில் நட்டைப் பார்த்தே ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் நீ. செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் நீ ஓட்டிய வீடியோவை ஷெட்டுக்கு வருகிற ஒருத்தர் விடாமல் காட்டிவிட்டேன். ஆனாலும் ஆசை வந்தால் கண் மறைக்கும். சேஸிஸ் நம்பரை மறக்காதே.

பணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

பொங்கலன்று நீ கேட்டதற்குத்தான் பதில் சொல்லாமல் எழுந்து போனேன். "நீங்க மட்டும் யோக்கியமாப்பா?" என்றாய். அன்றைக்கு வீட்டை விட்டுப் போனவள் நீ, இந்தப் பக்கம் வரவே இல்லை. பர்லியாறு ஜீப்பைத்தானே சொன்னாய்?

ஆமாம். எஸ்டேட் மேனேஜர் ஒருத்தரே ஓட்டிய வண்டி என்று நான்தான் சொல்லி விற்றேன். அது மூன்று கை மாறிய வண்டி. மீட்டரைத் திருப்பினேன். சேஸிஸில் விரல் நீளத்துக்கு விரிசல், வெல்டிங் வைத்துக் கறுப்புப் பெயிண்டை அப்பினேன். நீ ஏழாவது படித்தாய், டார்ச் பிடித்தாய். "வெளியே சொல்லாதே" என்று உன்னிடம் சொன்னேன். வாங்கினவர் காரட் மூட்டையோடு இறங்கியபோது வளைவில் உடைந்தது. அந்த மனிதர் இன்றைக்கும் மார்க்கெட்டில் காலை இழுத்துத்தான் நடக்கிறார். நான் வேறு தெருவில் போய்விடுவேன். உன் ஸ்கூல் பீஸுக்காகச் செய்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பீஸ் கட்டியது போக மீதியும் இருந்தது. அதில் கம்ப்ரஸர் வாங்கினேன்.

விற்கிறவன் எப்படிப் பேசுவான் என்று எனக்குத் தெரிவது இதனால்தான். போட்டோவில் பின் வீல் ஆர்ச்சைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. வெளிச்சம் அந்த இடத்தில் மட்டும் அலை அலையாக வளைகிறது. பட்டி போட்டுத் தேய்த்த இடம் அப்படித்தான் வளையும்.

வர்க்கியோடு காந்தமும் வைத்திருக்கிறேன், ஷெட்டில் ஆணி பொறுக்குகிற அதே காந்தம். பெயிண்டைக் கீறாமல் இருக்கக் கைக்குட்டையில் சுற்றியிருக்கிறேன், அவிழ்க்காமலே வைத்துப் பார். பட்டிமேல் ஒட்டாது. சேஸிஸ் நம்பர், அப்புறம் பெல்ட் சீட்டு.

சனிக்கிழமை வண்டி பார்க்கப் போகிறாயாம். முதல் பஸ்ஸில் நானும் இறங்கி வருகிறேன். வேண்டாம் என்றால் மட்டும் போன் செய்.

அப்பா