இரணைமடுவுக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்கு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இரணைமடுக் குளத்துக்குப் போவதற்கென்றே எங்களிடம் சைக்கிள் வாடகைக்கு எடுப்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். சந்தோசம். ஆனால் வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணை, குளத்தைச் சுற்றிவர எவ்வளவு நேரம் எடுக்கும்?" சுற்றிவர ஏலாது, குளக்கட்டின் மேலாலே போய்த் திரும்பி வாங்கோ என்றால் முகம் சுருங்குகிறது. வாடகையைக் குறைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

லண்டனிலிருந்து விடுமுறைக்கு வருகிற பிள்ளைகள் வோல்தம்ஸ்ரோவைச் சொல்வார்கள். அங்கே நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற 10 நீர்த்தேக்கங்களை 2017 இல் பொதுமக்கள் நடந்து பார்க்கத் திறந்துவிட்டார்கள். அந்த மாதிரி நீர்த்தேக்கம் தட்டையான நிலத்தில் சுற்றிவரக் கரை எழுப்பிக் கட்டியது. நாலு பக்கமும் கரை இருந்தால் நாலு பக்கமும் பாதை இருக்கும். எங்கள் குளம் அப்படியில்லை. தெற்கேயிருந்து வருகிற கனகராயன் ஆற்றை வடக்கே ஒரு கட்டுப் போட்டு மறித்தது. 1902 இல் வேலை தொடங்கி 1920 இல் முடித்தார்கள். கட்டு ஏறக்குறைய 2 கிலோமீற்றர். மற்றப் பக்கங்களில் கரை என்று ஒன்றே கிடையாது. நிலம் மெல்ல உயர்ந்து காட்டுக்குள் போகிறது, தண்ணீர் எட்டுகிற இடம்வரை குளம், அவ்வளவுதான். அந்த அலைகரை மாதத்துக்கு மாதம் இடம் மாறும். புரட்டாதியில் மாடு மேய்கிற தரையில் தையில் நெஞ்சளவு தண்ணீர் நிற்கும். புனரமைப்புக்குப் பிறகு 34 அடியாக இருந்த முழுக்கொள்ளளவு நீர்மட்டம் 36 அடியானதில் அலைகரை இன்னும் காட்டுக்குள்ளே போய்விட்டது. கைபேசி வரைபடத்தில் நீலத்தைச் சுற்றி ஒரு கோடு தெரிகிறது என்பதற்காக அங்கே பாதை இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

தெற்கே அடர்ந்த காடு. யானை நடமாட்டம் உண்டு. வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. சிவப்புப் பலகை கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வேண்டாம், பலகை இல்லாத இடத்திலும் ஆள் நடந்த தடத்தை விட்டு இறங்க வேண்டாம். எங்கள் சைக்கிள்களைக் கட்டுக்கும் வீதிகளுக்கும் மட்டும் கொடுப்பது இதனால்தான். இதில் பேரம் இல்லை.

இனி, நாங்கள் எழுத நினைத்த முக்கியமான விடயம். இந்தக் குளத்தைப் பலர் வயலுக்கான குளம் என்றுதான் நினைக்கிறார்கள். வயலுக்குத்தான், காலபோகமும் சிறுபோகமும் இதை நம்பித்தான். ஆனால் கிளிநொச்சியில் குழாயைத் திறந்தால் வருவதும் இங்கேயிருந்து இறங்கி வருகிற தண்ணீர்தான். குழாய் இல்லாத வீட்டிலும் கதை அதேதான்: வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் வட்டக்கச்சியிலும் உருத்திரபுரத்திலும் கிணறு ஊறும். இந்தத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவதா என்று எத்தனை வருடம் வாக்குவாதம் நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கடைசியில் யாழ்ப்பாணத்துக்காகத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி 2024 இல் திறந்தார்கள். அவ்வளவு பெறுமதியான தண்ணீரில் சிலர் சைக்கிள் கழுவுகிறார்கள்.

கழுவுவதில் என்ன என்று கேட்பீர்கள். கட்டில் ஓடி வந்த சைக்கிளின் செயினைத் தொட்டுப் பாருங்கள். கிறவல் தூசியும் எண்ணெயும் குழைந்து கறுப்புக் களியாக விரலில் ஒட்டும். சவர்க்காரம் போட்டாலும் ஒரு கழுவலில் போகாது. துருசடியில், அதாவது வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கிற மதகடியில், வைத்துத் தேய்த்தால் அது அப்படியே வாய்க்காலில் இறங்கும். சுத்திகரிக்கிற இடத்தில் போடுகிற குளோரின் கிருமியைக் கொல்லும், எண்ணெயை என்ன செய்யும்? ஆகவே சேற்றோடு கொண்டுவாருங்கள். கழுவுவது எங்கள் வேலை, அதற்குத் தனியாகக் காசு எடுப்பதில்லை. இங்கே மண்ணெண்ணெயில் துடைத்து, அழுக்கெண்ணெயைப் போத்தலில் சேர்த்து வைக்கிறோம்.

குளத்தில் சவர்க்காரம் போட்டுக் குளிப்பதும், சாப்பாட்டுப் பொதியின் லஞ்ச் சீற்றைக் கட்டில் விட்டு வருவதும் இதே கணக்குத்தான். லஞ்ச் சீற்றைக் காற்று தண்ணீருக்குள்தான் கொண்டுபோகும். முதலை இருக்கிறது என்பதையும் சொல்லி வைக்கிறோம், சுகாதாரத்துக்குப் பயப்படாதவர்கள் அதற்காவது பயப்படட்டும்.

எப்போது போகலாம்? மாசி, பங்குனிதான் எங்களுக்குப் பிடித்த காலம். குளம் நிரம்பி நிற்கும், கூழைக்கடாவும் நாரையும் நீர்க்காகமும் இருக்கும், விடியற்காலையில் மீன்பிடி வள்ளங்கள் கரைக்கு வரும். வைகாசியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பினால் ஆவணி, புரட்டாதிவரை அடிக்கும். தண்ணீருக்கு மேலாலே வருகிற அந்தக் காற்றுக்குக் கட்டில் மறைப்பே இல்லை. மேற்கிலிருந்து கிழக்கே போகும்போது முதுகில் தள்ளி விடும், நான் பெரிய சைக்கிள் வீரன் என்று நினைப்பு வரும். திரும்பும்போது பாருங்கள். சிறுபிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த மாதங்களில் சைக்கிளை விட்டுக் கட்டில் நடப்பதே நல்லது. சொல்லப்போனால் நடந்தால்தான் கட்டின் உயரமே விளங்கும்: ஒரு பக்கம் கல் அடுக்கிய சரிவும் தண்ணீரும், மறுபக்கம் கீழே மரங்களின் தலை.

கார்த்திகை, மார்கழியில் கனமழை எச்சரிக்கை வந்தால் இரணைமடுவுக்குச் சைக்கிள் கொடுக்க மாட்டோம். 2018 மார்கழியை மறந்திருக்க மாட்டீர்கள். புனரமைத்து மாதத் தொடக்கத்தில் விழா வைத்துத் திறந்த குளத்துக்கு, மூன்று கிழமை போவதற்குள் ஒரே இரவு மழையில் தண்ணீர் வந்து, மிஞ்சிய தண்ணீரை வெளியே விடுகிற வான்கதவுகளைத் திறக்க வேண்டியதாயிற்று, கீழே ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. வான் பாய்வதைப் பார்க்கச் சனம் திரளும். பார்ப்பதற்கு நல்லாய்த்தான் இருக்கும், பேருந்திலோ ஓட்டோவிலோ போய்த் தள்ளி நின்று பாருங்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தார் கட்டுக்கு வரவேண்டாம் என்றால் வாய் காட்டாமல் திரும்பி விடுங்கள்.

வழி பெரும்பாலானோருக்குத் தெரியும். ஏ9 வீதியில் தெற்கே போய் இரணைமடுச் சந்தியில் கிழக்கே திரும்ப வேண்டும். வீதியில் பஸ்கள் பறக்கும், ஓரம் பிடித்து ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். கனகாம்பிகை அம்மன் கோயிலடியில் இறங்கிக் கும்பிட்டு, நிழலில் ஆறிவிட்டுக் கட்டில் ஏறலாம். குடிக்கத் தண்ணீர் கடையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். குளத்துத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது.

கட்டின் ஓரப் புல்லில் நெருஞ்சி முள் இருக்கிறது. நடுத்தடத்திலேயே ஓட்டுங்கள். காற்றுப் போனால் அந்த ரயரோடு ஓட்டிக்கொண்டு வராதீர்கள், றிம் வளைந்துவிடும், அதற்கு மட்டும் காசு எடுப்போம். உருட்டி வாருங்கள், அல்லது கடைக்கு ஒரு அழைப்பு எடுங்கள், தம்பி ஒருவர் ஒட்டுச் சாமானோடு வருவார். கியர் சைக்கிள்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. கட்டு மட்டமானது, சாதாரண லுமாலா சைக்கிள் போதும்.

வாடகை பழைய வாடகைதான். அடையாள அட்டையின் பிரதி ஒன்று தர வேண்டும். பொழுதுபடுமுன் சைக்கிள் கடைக்கு வந்துவிட வேண்டும். யானை வெளிக்கிடுகிற நேரம் அது, எங்கள் தம்பியை அந்த இருட்டில் உங்களைத் தேடி அனுப்ப எங்களுக்கு மனமில்லை.

இப்படிக்கு,
சைக்கிள் கடையார்,
கிளிநொச்சி