கை வரும் முன்பே பயிற்சி வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் செயற்கைக் கை, கால்கள் வழங்கிய செய்தியை உங்கள் நாளிதழில் படத்தோடு பார்த்தேன். மேடையில் ஒரு தம்பி புதுக் கையோடு நிற்கிறார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கும் ஒரு நாள் இருந்தது. அடுத்த பொங்கலுக்கு அந்தக் கை எங்கே இருக்குமோ என்ற கவலையும் கூடவே வந்தது. என் கை பதினோரு மாதம் பீரோ மேல் கிடந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மெஷின் ஓட்டியவன் நான். வயது 46. வலது கை, முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை விட்டுப் போய்விட்டது. காயம் ஆறி, வீக்கம் வற்றி, அளவெடுக்கும் நிலைக்கு வரவே நாலு மாதம் ஆனது. பிறகு பேட்டரியில் இயங்கும் கை கிடைத்தது. மிச்சமிருக்கும் கையின் தசையை இறுக்கினால் அதில் மிகச் சிறிய மின்துடிப்பு எழும். தோலில் படும் இரண்டு சென்சார்கள் அதைப் பிடித்து மோட்டாரை ஓட்டும். இல்லாத மணிக்கட்டை உள்ளே மடக்கப் பார்த்தால் கை மூட வேண்டும், வெளியே வளைக்கப் பார்த்தால் திறக்க வேண்டும். மாட்டிவிட்ட இடத்தில் அரைமணி நேரம் இதைச் சொல்லிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால், திறக்க நினைத்தபோது மூடிக்கொண்டது. இரண்டு தசையையும் ஒன்றாகவே இறுக்குகிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை. வியர்வையில் சென்சார் வேறு வழுக்கியது. ஒரு நாள் அக்கா பேரனின் சட்டையைப் பிடித்த கை விடவே இல்லை. பிள்ளை பயந்து அலறினான். அன்று கழற்றி வைத்தவன்தான்.

பிறகு வேறோர் இடத்தில் ஒரு பிசியோதெரபி பெண்ணைப் பார்த்தேன். “கையை ஓரமா வைங்கண்ணே, முதல்ல தசையைப் பார்ப்போம்” என்று சொல்லி, வெறும் கையில் சென்சாரை ஒட்டி லேப்டாப்பில் இணைத்தார். திரையில் சிவப்பு, நீலம் என்று இரண்டு கோடுகள். மூடும் தசைக்குச் சிவப்பு, திறக்கும் தசைக்கு நீலம். சிவப்பு ஏறும்போது நீலம் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். மூன்று நாள் இரண்டும் ஏரில் பூட்டிய மாடுகள் மாதிரி சேர்ந்தே எழுந்தன. நாலாம் நாள் சிவப்பு மட்டும் எழுந்தது. அத்தனை மாதம் கழித்து என் உடம்பு நான் சொன்னதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

அடுத்து கோடுகள் போய், திரையில் ஒரு கை வந்தது. நான் நினைத்தால் திறந்தது, நினைத்தால் மூடியது. கை போன நாளிலிருந்து, இல்லாத விரல்கள் முறுக்கிக்கொண்டு உள்ளங்கையில் நகம் குத்துவதுபோல் ராத்திரியில் வலிக்கும். திரைக் கையை மெல்ல விரிக்க விரிக்க அந்த முறுக்கு தளர்ந்தது. இது மனப்பிரமை இல்லை என்று அந்தப் பெண்தான் விளக்கினார். நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை விஞ்ஞானி வி.எஸ்.ராமச்சந்திரன், 1990-களில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்தே, இருக்கும் கையின் பிம்பத்தைக் காட்டி இல்லாத கையின் வலியைத் தணிக்க முடியும் என்று காட்டினாராம். 2016-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சுவீடன் ஆய்வில், வேறு சிகிச்சைகளில் வலி தீராத 14 பேர், தசைத் துடிப்பால் திரைக் கையை அசைக்கும் பயிற்சியை 12 முறை செய்தார்கள். வலி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

திரை மட்டுமே போதும் என்று நான் சொல்லவில்லை. திரைக் கைக்குக் கனம் கிடையாது. நிஜக் கை முழங்கையை இழுக்கும், வியர்க்கும், தொட்டது தெரியாது. திரையில் கார் ஓட்டும் ஆட்டத்தில் நிறைய மார்க் எடுத்தேன், டம்ளரைப் பிடிக்க அது உதவவில்லை. பொருளைப் பிடித்து, வைத்து, விடும் ஆட்டம்தான் உதவியது. அதற்குப் பிறகும் ஆவின் பாக்கெட்டைச் செயற்கைக் கையில் பிடித்துக்கொண்டு இடது கையால் கத்தரிக்கப் பழக மூன்று வாரம் ஆனது. அழுத்தினால் பீய்ச்சும், விட்டால் நழுவும். கண்ணால் பார்த்தும் மோட்டார் சத்தத்தைக் கேட்டும்தான் பிடியின் அளவு புரிகிறது. இப்போது காலை காபிக்குப் பால் காய்ச்சுவது நான்தான்.

என் ஆதங்கம் இதுதான். அந்த முதல் நாலு மாதம் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். தசையும் சூம்பியது, மனசும் சூம்பியது. இந்தப் பயிற்சிக்குச் செயற்கைக் கை தேவையே இல்லை. சென்சாரும் லேப்டாப்பும், சொல்லித்தர ஓர் ஆளும் போதும். தையல் பிரித்து, புண் ஆறி, டாக்டர் சரி என்றதும் தொடங்கலாம். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி செய்பவர்கள் வீடு தேடி வருகிறார்கள். அவர்களில் சிலருக்காவது இதைக் கற்றுக் கொடுத்து, பையில் ஒரு சென்சார் பெட்டியையும் கொடுத்து அனுப்பலாம். கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்துக்கு விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் ஒருவர் எத்தனை தடவை பஸ் ஏறி வர முடியும்? திரையில் வரும் குறிப்புகளும் தமிழில் இருக்க வேண்டும். எனக்கு ஒவ்வொன்றையும் பக்கத்தில் நின்று ஒருவர் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

கை வழங்கும் துறையும் ஈ.எஸ்.ஐ.யும் எத்தனை கை கொடுத்தோம் என்பதோடு, ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள் என்றும் கேட்டு எழுதிவைக்க வேண்டும். உங்கள் நிருபரும் படத்தில் இருந்த அந்தத் தம்பியை ஜூன் மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கட்டும்.

கைக்கு அளவு கொடுத்துக் காத்திருப்பவர்களிடம் அந்தச் சிவப்பு, நீலக் கோடுகளை விளக்கிச் சொல்ல, எந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாடி, சென்னை – 50