பெற்றரியைச் சைபர் வரைக்கும் இறக்கச் சொல்லாதீங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல, லெப்டொப் பெற்றரி கனகாலம் உழைக்கோணுமெண்டா சைபருக்கு இறங்கினாப் பிறகுதான் சார்ஜ் போடோணும் எண்டு ஒரு துண்டு வந்திருந்தது. அதை வாசிச்சிட்டு எங்கட அம்மா, போனையும் அப்பிடித்தான் சார்ஜ் போடுறவ, "பாத்தியே, நான் சொன்னனான் தானே" எண்டு ஒரு சிரிப்பு. அதாலதான் இந்தக் கடிதம்.

அது பழைய நிக்கல் கட்மியம் பெற்றரிக்குச் சொன்ன கதை ஐயா. இப்ப லெப்டொப்புக்குள்ள இருக்கிறது லித்தியம் அயன், 1991ல சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த வகை, அதை அடிக்கடி அடிவரைக்கும் இறக்கினா இன்னும் கெதியாத்தான் கிழடாகும். 20, 30 வீதத்தில வயரைக் குத்தினா ஒண்டும் ஆகாது.

நான் செய்த பிழை அதுக்கு நேர்மாறு. வீட்டில இருந்து ரெண்டு மூண்டு கொம்பனிக்குக் கணக்கு எழுதுறனான், 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதை அனுபவிச்ச பயத்தில எப்பவும் 100ல நிக்கட்டும் எண்டு இரவு பகலா வயரைக் கழட்டவே மாட்டன், அதுவும் கடல் பக்க ஜன்னலோட மேசை, பின்னேர வெயில் நேர மூஞ்சையில அடிக்கும். புல் சார்ஜில பெற்றரிக்குள்ள இருக்கிற செல் ஒவ்வொண்டும் கிட்டத்தட்ட 4.2 வோல்ட்டில நிக்குதாம், அதோட சூடும் சேர்ந்தா பாவிக்காமல் வச்சிருந்தாலும் உள்ளுக்குப் பழுதாகிக்கொண்டே போகும். எனக்கு இது அப்ப ஆர் சொன்னது?

பிறகு 2025 பெப்ரவரி 9, பாணந்துறை மின் உபநிலையத்தில குரங்கு பாய்ஞ்சு நாடே இருண்டுதே, அண்டைக்குத்தான் விளங்கினது. 100 எண்டு காட்டின லெப்டொப் ஒன்பது நிமிசத்தில நிண்டிட்டுது, சேவ் பண்ணாத வற் (VAT) வரிக் கணக்கோட. கொஞ்ச நாளில டச்பேட் அமத்த அமுங்கேல்லை, மேசையில வச்சா ஒரு பக்கம் ஆடுது, நான் மேசைக்குக் கீழ கடதாசி மடிச்சு வச்சன் எண்டாப் பாருங்கோவன்!

பம்பலப்பிட்டியில திருத்துற தம்பி பின்மூடியைக் கழட்டினா பெற்றரி தலகாணி மாதிரி ஊதிப்போய்க் கிடக்கு. "அன்ரி, இதை இன்னும் சார்ஜ் போட்டிருந்தா நெருப்புக்கூடப் பத்தியிருக்கும், கையால அமத்தவோ குத்தவோ வேண்டாம்" எண்டான். அதைக் கழட்ட முந்தி கொமாண்ட் ப்ரொம்ட் எண்ட கறுப்பு விண்டோவில பவர்சிஎப்ஜி அடிச்சு ஸ்பேஸ் விட்டு ஸ்லாஷ் பெற்றரிரிப்போர்ட் (powercfg /batteryreport) எண்டு போட்டுக் காட்டினான், டிசைன் கபாசிட்டி, அதாவது புதுசில கொள்ளுற அளவு, 41,000 சொச்சம், புல் சார்ஜ் கபாசிட்டி, அதாவது இப்ப கொள்ளுற அளவு, 9,000 கூட இல்லை. லெப்டொப் காட்டின 100 எண்டது அந்த 9,000ல 100. விண்டோஸ் வச்சிருக்கிற எல்லாரும் ஒருக்கா இதை அடிச்சுப் பாக்கலாம், காசில்லை.

புதுசு போட்ட கையோட 80 வீதத்தில சார்ஜை நிப்பாட்டுற செட்டிங்கையும் போட்டுத் தந்தான். லெனோவோவில கன்சர்வேஷன் மோட் எண்டிருக்கும், ஏசூஸில மைஏசூஸ் எண்ட அவையின்ர அப்புக்குள்ள, எச்பி சிலதில பயோஸ் எண்ட, லெப்டொப் தொடங்கேக்க திறக்கிற செட்டிங் பக்கத்துக்குள்ள போகோணும். கரண்ட் வெட்டுவாங்கள் எண்டு அறிவிச்சா மட்டும் முதல்நாள் 100 ஆக்குறன். மேசையையும் உள் சுவருக்கு மாத்தியாச்சு. மகள் மெத்தையில வச்சுப் படம் பாக்கிறதைத்தான் இன்னும் நிப்பாட்ட ஏலாமக் கிடக்கு, காத்துப் போற ஓட்டை முழுக்க பெட்ஷீட்டால அடைபட்டு அடுப்பு மாதிரிச் சுடும்.

அந்த ஊதின பெற்றரி இப்பவும் எங்கட பல்கனியில, மண் போட்ட பிஸ்கட் ரின்னுக்குள்ள கிடக்கு, குப்பை லொறிக்குப் போடப் பயம். மத்திய சுற்றாடல் அதிகாரசபை அனுமதி குடுத்த ஈ-வேஸ்ட் எடுக்கிற ஆக்கள் கொழும்பில இருக்கினம், அவையின்ர விபரத்தை அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில போட்டுவிடுங்கோ. அந்தச் சைபர் கதையையும் திருத்திப் போட்டா அம்மாவுக்குக் காட்டலாம்.

வாசகி ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 6