ஆய்வுகூட அலுமாரியைத் திறந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பள்ளிக்கூட ஆய்வுகூட அலுமாரியில் கிடந்த பழைய சாமான்களென்று பழைய மாணவர் குறூப்பில் நீங்கள் போட்ட படங்களைப் பார்த்தேன். "இதெல்லாம் என்னெண்டு ஆருக்காவது தெரியுமா?" என்று கேட்டிருந்தீர்கள். மட்டக்களப்பாரிடம் அப்படிக் கேட்கலாமா? தெரியாது என்று சொல்லுகிற ஆள் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

முதலில் அந்தக் கண்ணாடிச் சாமான். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று குமிழ், பக்கத்தில் ஒரு திருகு. கோயில் கலசத்துக்கு அச்சு என்றார் ஒருவர். கசிப்பு வடிக்கிறது என்று அடித்துச் சொன்னவர் ஓய்வுபெற்ற அதிபர். அவருக்கு அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அது வாயு தயாரிக்கிற கிப்பின் உபகரணம். கிப் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர். நடுக்குமிழில் இரும்புச் சல்பைட்டுக் கட்டிகளைப் போட்டு, மேலிருந்து ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுவார்கள். அமிலம் அடிக்குமிழை நிரப்பி மேலேறிக் கட்டிகளைத் தொட்டதும் ஐதரசன் சல்பைட்டு வரும். அழுகின முட்டை மணம்தான். திருகைப் பூட்டினால், உள்ளே அடைபட்ட வாயுவே அமிலத்தைக் கீழே தள்ளிவிடும். கட்டிகள் தனித்துப்போகத் தாக்கம் நிற்கும். மறுகா திறந்தால் மறுகா தொடங்கும். கரண்ட் வேண்டாம், காவலுக்கு ஆள் வேண்டாம். உங்கள் அலுமாரியிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

உப்புப் பகுப்பாய்வில் இந்த வாயுவைச் செலுத்தித்தான் உலோகங்களைப் பிடிப்பார்கள். செம்பு கறுப்பாகவும், கட்மியம் மஞ்சளாகவும், அந்திமனி செம்மஞ்சளாகவும் வீழ்படிவு தரும். ஆனால் பிள்ளைகளுக்குக் காட்டுகிற ஆசையில் உண்மையான அமிலத்தைத் தொடாதீர்கள். வருவது நஞ்சு வாயு. செறிவு கூடினால் மூக்கு மரத்து, மணமே தெரியாமல் போய்விடும். நன்றாகக் கழுவி, பச்சைத் தண்ணீர் ஊற்றி, திருகு வழியாக மெல்லக் காற்றடித்தாலே விசயம் விளங்கும்.

அடுத்தது, கைபிடியும் இரண்டு வட்டத் தட்டும் உள்ளது. சாணை பிடிக்கிற மெசின், ஐஸ்பழ மெசின், கண் டொக்டரின் மெசின் என்று மூன்று கட்சி. அதன் பெயர் விம்சேர்ஸ்ட் பொறி, 1880களில் வந்தது. தட்டுகள் எதிரெதிராகச் சுழல மின்னேற்றம் சேர்ந்து, இரண்டு பித்தளைக் குண்டுகளுக்கு நடுவே மின்பொறி பாயும். இதை மார்கழி மழையில் சுற்றிப் பார்த்துவிட்டு 'பழுது' என்று எழுதிப்போடாதீர்கள். ஈரக்காற்றில் ஏற்றம் கசிந்து போகும். மலை தாண்டி இறங்குகிற கச்சான் காற்று நம்முடைய உதட்டை வெடிக்க வைக்குமே, ஆனி ஆடியில், அப்போது ஒரு மத்தியானம் தட்டுகளைத் துடைத்துவிட்டுச் சுற்றுங்கள். ஊரெல்லாம் கச்சானைத் திட்டுகிற நேரத்தில் சந்தோசப்படுகிற ஒரே சீவன் அதுவாகத்தான் இருக்கும்.

கம்பி கட்டிய நீளப்பெட்டியைப் பார்த்து, "இது விபுலானந்த அடிகளின் யாழ், உடனே நூதனசாலைக்குக் குடுங்கோ" என்று ஒரு அக்கா எழுதினார். அது சுரமானி. என்றாலும் பாதி மார்க்ஸ் கொடுக்கலாம். காரைதீவில் பிறந்த அடிகள் விஞ்ஞானமும் படிப்பித்தவர். 1947இல் வந்த யாழ் நூலில் நரம்பையும் சுருதியையும் கணக்குப் போட்டுப் பார்த்தவர். சுரமானியின் வேலையும் அந்தக் கணக்குத்தான். இழுவையை மாற்றாமல் கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் மீடிறன், அதாவது ஒரு செக்கனில் கம்பி அதிருகிற தடவை, இரட்டிக்கும்.

பித்தளை முளைகள் வரிசையாகச் செருகிய பெட்டியை ஒருவர் பழைய வயர்லெஸ் என்றார். சுற்றில் வேண்டிய அளவு மின்தடையைச் சேர்க்கிற பெட்டி அது. ஒரு முளையைப் பிடுங்கினால் அதற்குக் கீழே உள்ள தடைச்சுருள் சுற்றில் சேரும். சண்டைக் காலத்தில் இதைக் கையில் வைத்துக்கொண்டு சோதனைச்சாவடியில் விளக்கம் சொல்லவேண்டி வந்திருந்தால்... சரி, விடுவோம்.

நான் கேட்கிறது ஒன்றுதான். பொருட்கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் இவற்றைக் கழிவு என்று எழுத முன்னம், ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுதிவையுங்கள். சரியான பெயர் மேலே, குறூப்பில் வந்த ஊகங்கள் கீழே. 'கசிப்பு' என்ற சொல்லைக் கண்டால் பத்தாம் வகுப்புப் பெடியன்கள் கட்டாயம் கிட்ட வந்து பார்ப்பார்கள். வெறும் 'கிப்பின் உபகரணம்' என்று எழுதினால் எவன் திரும்பிப் பார்ப்பான்?

சுவரில் தொங்குகிற நீளக் குழாயை மட்டும் தொடாதீர்கள். குடை வைக்கிறதற்கு என்று சொன்ன அண்ணனை நம்பவேண்டாம். அது காற்றின் அமுக்கத்தை அளக்கிற இரசப் பாரமானி. கடல்மட்டத்தில் 76 சென்ரிமீற்றர் அளவுக்கு இரசம் ஏறி நிற்கும். கீழே கிண்ணத்திலும் இரசம்தான். குழாய் உடைந்தால் சிந்துகிற இரசம் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அதைத்தான் பிள்ளைகள் சுவாசிப்பார்கள். தும்புத்தடியால் கூட்டினால் இன்னும் பரவும். கழற்றாமல், சாய்க்காமல், அறையைப் பூட்டிவிட்டுக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் அறிவியுங்கள். குறூப்பில் மட்டும் இதைப் போடவேண்டாம். ஆளுக்கொரு இரசலிங்கம் செய்து தாங்கோ என்று விடியமுன்னம் கேற்றடியில் வரிசை நிற்கும்.

அன்புடன்,
உங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவன்