ஒரு லேப்புக்கு 20 காசு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். வங்கிக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் ஓடுகிறோம், சைக்கிள் மிதிக்கிறோம், நீந்துகிறோம் என்று ஆள் கூட்டி நிதி திரட்டுவது வெறும் பகட்டு. கொடுக்க மனமிருந்தால் நேரே கொடுத்துவிட்டுப் போகட்டுமே, தர்மம் செய்யத் தண்ணீரில் குதிக்க வேண்டுமா என்பது அவர் கேள்வி. பாதி நியாயம்தான். ஆள் உயர அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் பல்லிளிக்கும் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், டி-சட்டைக்கு ஆன செலவு காசோலையில் எழுதிய தொகையைத் தாண்டியிருக்குமோ என்று எனக்கும் தோன்றும். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம். பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருக்கிறேன். ஆலை நல மன்றத்தின் செயலாளர் வேலையும் என் தலையில்தான். பிப்ரவரியில் நாங்கள் நடத்தியதும் அப்படியொரு நீச்சல்தான்.

எங்கள் ஊரைப் பழைய ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். மலேசியாவிலேயே முதன்முதலில் வியாபாரத்துக்காகச் செம்பனை நட்டது இங்கே உள்ள தென்னமரம் தோட்டத்தில், 1917இல். அது எல்லாரும் பெருமையாகச் சொல்லும் கதை. சொல்லாத கதை ஒன்றும் உண்டு. இது ஈயம் எடுத்த பூமியும்கூட. ஈயம் போய்விட்டது, குட்டைகள் அப்படியே கிடக்கின்றன. வெளியூர்க்காரர் பார்த்தால் ஏரி என்று நினைத்துப் படம் பிடிப்பார், அவ்வளவு அழகு. உள்ளே இறங்கினால் படிப்படியாக ஆழம் கூடாது. இரண்டு எட்டு வைத்ததும் சரிவு செங்குத்தாக இறங்கிவிடும். அடியில் களிச்சேறு, கால் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். பள்ளி விடுமுறை வந்தால் தூண்டிலும் கையுமாகப் பையன்கள் அங்கேதான் நிற்பார்கள். ‘பஹாயா’ (ஆபத்து) என்று எழுதிய பலகையில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் குதிக்கிறார்கள்.

அப்புறம் வரும் செய்தியைத் தங்கள் நாளிதழிலேயே படிக்கிறோம். பெரும்பாலும் அது ஒரு பிள்ளையோடு நிற்பதில்லை. ஒருவன் வழுக்கி விழுவான், அண்ணன்காரன் காப்பாற்றப் போவான், வீட்டுக்கு இரண்டு பெட்டி வரும். 2021இல் மட்டும் உலகம் முழுக்க 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அந்த ஆண்டிலிருந்துதான் ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக ஐக்கிய நாடுகள் சபை வைத்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்த நாளை யாரும் கொண்டாடி நான் பார்த்ததில்லை.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று மன்றக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, ‘குளத்துக்கு எங்கே போவது?’ என்றுதான் முதலில் கேட்டார்கள். குளம் இருக்கிறது. துரைமார் காலத்துக் கிளப் ஒன்று அடுத்த தோட்டத்தில் இருக்கிறது. அதன் பின்பக்கம் 20 மீட்டர் நீளத்தில் ஒரு நீச்சல் குளம். என் அப்பா அந்தக் கிளப்பில் புல் வெட்டியவர். அந்தத் தண்ணீரில் அவர் கால் நனைத்ததே இல்லை, நனைக்க விட்டதும் இல்லை. இன்று சட்டம் ஒன்றும் தடுக்கவில்லை. ஆனால் கிளப் உறுப்பினர்கள் பாதிப் பேர் ஷா ஆலாமுக்குக் குடிபோய்விட்டார்கள். வாரநாளில் அங்கே குளிப்பது மைனாதான்.

சரி, அந்த வகுப்புக்குப் பணம் திரட்ட நடத்திய நீச்சலுக்கு வருகிறேன். இதே மாதிரி நடத்த நினைக்கும் மன்றங்கள் இருக்கக்கூடும், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் தூரம். இங்கிலாந்தின் தோவர் கடற்கரையிலிருந்து பிரான்ஸ் வரை ஆங்கிலக் கால்வாய் ஏறத்தாழ 34 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக் குற்றாலீசுவரன் 1994இல் 12 வயதில் அதை நீந்தியவர். நம் நாட்டு அப்துல் மாலிக் மைடின் 2003இல் நீந்தினார். 20 மீட்டர் குளத்தில் அந்தத் தூரம் 1,700 லேப். அதை ஆலை முழுவதும் சேர்ந்து ஒரே காலையில் முடிப்பது என்று தீர்மானித்தோம். போய்த் திரும்பினால்தான் ஒரு லேப் என்று பாய்லர்க்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒரு முனையிலிருந்து மறு முனை ஒன்று என்று எழுதி ஒட்டிய பிறகுதான் அடங்கினார்கள்.

ஆலையை நிறுத்த முடியாது. வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் அவித்தாக வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். ஆகவே குலை வரத்து குறைவாக இருக்கும் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்து, ஷிப்ட்டுக்கு ஒரு குழு என்று பிரித்தோம். இரவு ஷிப்ட் முடித்தவர்களுக்கு அன்று நீச்சல் கிடையாது, கண் செருகும் ஆளைத் தண்ணீரில் இறக்கக்கூடாது. இதில் மேனேஜர் கறாராக இருந்தார், அது நல்லதாகப் போயிற்று.

நீந்தத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றபோது எல்லா ஆண்களும் தூக்கினார்கள். ஒரு வாரம் முன்னால், உயிர்காப்பாளர் முன்னிலையில் இரண்டு லேப் நிற்காமல் நீந்திக் காட்ட வேண்டும் என்று வைத்தோம். அங்கேதான் உண்மை வெளியே வந்தது. முக்கால்வாசிப் பேர் பாதி வழியில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆற்றில் விழுந்து எழுந்த கதைகளை இத்தனை ஆண்டுகளாகக் கேண்டீனில் சொல்லிக்கொண்டிருந்தவர்களும் அதில் அடக்கம். தேறாதவர்கள் ஆழமில்லாத பக்கத்தில் குறுக்கே நடக்கலாம், அதற்கும் காசு உண்டு, ஆனால் கால்வாய்க் கணக்கில் சேராது என்று விதி செய்தோம். நானும் நடந்தவள்தான். இடுப்பளவு தண்ணீரில் நடப்பது, பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடுவதைவிடச் சிரமம்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஆய்வுக்கூடப் பையனைப் பாராட்ட வேண்டும். பாய்லர் தண்ணீரைத் தினமும் சோதிக்கிற கை. பி.எச். 7.2க்கும் 7.8க்கும் நடுவில் நிற்கிறதா, குளோரின் போதுமா என்று மூன்று நாள் முன்பிருந்தே பார்த்துச் சொன்னான். உயிர்காப்பாளர் இருவர், செம்பிறைச் சங்கத்து முதலுதவிக்காரர்கள், இதய நோயும் வலிப்பும் உள்ளவர்கள் நீந்துவதில்லை என்ற கையெழுத்து. இவற்றுக்கான செலவை ஆலை ஏற்றது. லேப் காசிலிருந்து ஒரு காசு எடுக்கவில்லை. இடி கேட்டால் எல்லாரும் மேலே, கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி தண்ணீர். நம் ஊர் மதியத்து இடியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அதனால்தான் காலை 7 மணிக்கே தொடங்கினோம்.

எண்ணுவதற்குக் குலை எண்ணும் மண்டோர்களை (மேற்பார்வையாளர்களை) தவிர வேறு யாரையும் நான் நம்பவில்லை. ஒவ்வொரு தடத்துக்கும் ஒருவர், குலைக்குக் கோடு போடுவதுபோலவே அட்டையில் கோடு. பழக்கப்பட்ட கை, பேசிக்கொண்டே எண்ணினாலும் தப்பாது.

காசுக் கணக்கு இப்படி. நீந்துகிறவர் சீட்டோடு போய் உறவுக்காரர், கடைக்காரர், லாரிக்காரர் என்று ஒவ்வொருவரிடமும் லேப்புக்கு இவ்வளவு என்று எழுதி வாங்குவார். பெரும்பாலும் 20 காசு. 50 லேப் நீந்தினால் ஒரு கிலோமீட்டர், கொடுக்க வேண்டியது 10 வெள்ளி (ரிங்கிட்). உச்சவரம்பு என்று ஒரு கட்டம் சீட்டில் இருக்கிறது, அதை நிரப்பச் சொல்லுங்கள். எங்கள் லாரி கான்ட்ராக்டர் நிரப்பவில்லை. ஒல்லியாக ஒரு வங்காளதேசத் தம்பி, குலை இறக்கும் மேடையில் வேலை. அவனைப் பார்த்துவிட்டு, ‘இவன் பத்து நீந்துவானா? லேப்புக்கு ஒரு வெள்ளி போட்டுக்கோ’ என்றார். தம்பி பாரிசால் பக்கம், ஆறும் வாய்க்காலுமாக இருக்கிற ஊரில் நடக்கப் பழகும் முன்னே நீந்தப் பழகியவன். 130 லேப். கான்ட்ராக்டர் பணத்தை எண்ணி வைத்தபோது இருந்த முகத்தை அலுவலகத்தில் இன்னும் பேசிச் சிரிக்கிறார்கள். கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

பெண்களுக்குத் தனி நேரம் வைத்தோம், அந்த நேரத்தில் எண்ணியதும் காவல் இருந்ததும் பெண்களே. பருத்திச் சட்டையும் சுடிதாரும் போட்டு இறங்கக்கூடாது. நனைந்தால் கனத்து ஆளை இழுக்கும். கையும் காலும் மூடிய நீச்சல் உடையைத் தாங்களே வாங்கித் தருவதாக மலாய்த் தோழிகள் முன்வந்தார்கள். வரமாட்டேன் என்று வீட்டில் அடம்பிடித்த அக்காமார், வந்த பிறகு ஏறவே மறுத்தார்கள்.

1,612 லேப் ஆனபோது வடக்கே இடித்தது. விசில் ஊதி எல்லாரையும் ஏற்றிவிட்டார்கள். கிளப் கொடுத்த நேரமும் முடிந்தது. பிரான்ஸுக்கு இன்னும் ஒன்றே முக்கால் கிலோமீட்டர். மிச்சத்தையும் கோடு போட்டு முடித்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று சிலர் சொன்னார்கள். மண்டோர் அட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வசூல் 4,000 வெள்ளியைத் தாண்டியது. தெருவில் உண்டியல் குலுக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும், ஆகவே தெரிந்தவர்களைத் தவிர யாரிடமும் கேட்கவில்லை. பணம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்குக்கு ரசீதோடு போனது. பெரிய தொகை கொடுக்கிறவர்கள் வரிவிலக்குக் கேட்பார்கள். வாங்கும் அமைப்பு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்றிருந்தால்தான் அது கிடைக்கும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இப்போது அந்தப் பெரியவருக்கு வருகிறேன். ஐயா, ஆளுக்குப் பத்து வெள்ளி என்று சம்பளத்தன்று நான் நீட்டியிருந்தாலும் கொடுத்திருப்பார்கள். போன ஆண்டு கோயிலுக்குக் கொடுத்தார்கள், அதற்கு முந்தின ஆண்டு பள்ளிக் கட்டட நிதி விருந்தில் மேசைக்கு இவ்வளவு என்று பணம் கட்டி உட்கார்ந்தார்கள். பிரியாணியும் பாட்டும் போக மிஞ்சியதுதான் கட்டடத்துக்குப் போனது. கொடுத்ததும் மறந்துபோகிற பணம் அது. நீச்சலில் அப்படி மறக்க முடியவில்லை. தன் பிள்ளை குட்டைக்குப் போனால் தன்னால் காப்பாற்ற முடியாது என்பதை, சோதனை நாளன்று கரையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிய ஒவ்வோர் அப்பனும் தெரிந்துகொண்டான். எந்தக் காசோலையும் அதைச் சொல்லித்தராது. அடுத்த வாரமே அவர்களில் சிலர் பிள்ளைகளின் பெயரைக் கொடுக்க வந்தார்கள். நான்கைந்து பேர் தங்கள் பெயரையும் கூடவே கொடுத்தார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

வகுப்பு தொடங்கிவிட்டது. கை வீசுவதைப் பயிற்சியாளர் முதலில் சொல்லிக்கொடுக்கவில்லை. மல்லாந்து மிதப்பது, அடுத்தவன் விழுந்தால் பின்னால் குதிக்காமல் இருப்பது, இவைதான் முதல் பாடம். கம்பை நீட்டு, கயிற்றை எறி, எதுவும் இல்லையென்றால் மூடி இறுக்கிய காலி எண்ணெய்ப் புட்டியை எறி, கத்தி ஆளைக் கூப்பிடு. ஐந்து கிலோ எண்ணெய்ப் புட்டி எந்த வீட்டில் இல்லை?

தங்கள் நாளிதழ் வழியாக நான் கேட்பது இதுதான். தோட்டக் கிளப்புகளிலும் அரசாங்கப் பயிற்சி மையங்களிலும் பழைய பங்களாக்களிலும் குளங்கள் இருக்கின்றன. வாரத்தில் ஒரு காலை, இரண்டு மணி நேரம், பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்குத் திறந்துவிடுங்கள். உயிர்காப்பாளர் சம்பளத்தைத் திரட்ட ஆலைகளும் தொழிற்சாலைகளும் இருக்கின்றன, சீட்டும் விதியும் நாங்கள் தருகிறோம். எங்கள் கிளப்பும் முதலில் முகம் சுளித்ததுதான். குளம் பாசி பிடிக்காமல் இருப்பதற்காவது ஆள் வரட்டும் என்று பிறகு ஒப்புக்கொண்டது.

அடுத்த பிப்ரவரிக்கு இரண்டு திருத்தம் செய்திருக்கிறோம். உச்சவரம்புக் கட்டத்தை நிரப்பாத சீட்டு செல்லாது. பத்து மணி வெயில் தாங்கவில்லை என்று பெண்கள் சொன்னதால் அவர்கள் நேரம் காலை 7 மணிக்கு மாறுகிறது. ஆண்கள் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

இப்படிக்கு,
செம்பனை ஆலைக் கிராணி ஒருவர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.