மாடி ஏற முடியாத என் தாயாரின் பராமரிப்பு மனுவைக் கீழ்த்தளத்திலேயே விசாரித்து முடிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மனுதாரரின் மகள்,
ஏரிக்கரைத் தெரு, பழைய ரைஸ் மில் எதிரில்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நல்வாழ்வுச் சட்டம், 2007-இன் கீழ் 15 மாதங்களாக நிலுவையில் உள்ள மனு – நடக்க இயலாத தாயாரை நேரில் ஆஜராகச் சொல்வதிலிருந்து விலக்கு வேண்டி.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் நான் கொடுத்த மனுக்கள் (2024 நவம்பர், 2025 மார்ச், 2025 ஜூலை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெரு தாங்கள் அறியாததல்ல. போன மழையில் ஏரிக்கரை உடைந்தபோது ரைஸ் மில் வாசலில் நின்று எங்களிடம் பேசினீர்கள். அப்போது திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த வயதான அம்மாதான் என் தாயார். அவருக்கு வயது 81.

1. என் தாயார் 2019-இல் தன் ஒரே வீட்டை என் தம்பி பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். கடைசிவரை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. 2023 தீபாவளிக்கு மறுநாள் ஒரு துணிப்பையோடு என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனவன் அதன் பிறகு வந்து பார்க்கவில்லை.

2. 2024 பிப்ரவரியில் அம்மா பின்கட்டில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நிற்க முடியவில்லை. குளிப்பாட்டுவது, மலஜலம் எடுப்பது, புண் வராமல் ராத்திரியில் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான் ஒருத்திதான். எனக்கு 58 வயது. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறேன். வேறு வழியில்லாமல்தான் 2024 ஜூனில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு போட்டோம்.

3. என் வேதனை இந்த விசாரணை நடக்கும் இடத்தைப் பற்றியது, ஐயா. அந்தக் கட்டடத்தைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது, 42 படி. எண்ணித்தான் சொல்கிறேன். இதுவரை பதினோரு வாய்தா. ஏழு முறை அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, சரிந்துவிடாமல் இடுப்பில் புடவையால் கட்டி, ஆட்டோக்காரத் தம்பியும் என் மகனும் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். திருப்பத்தில் நாற்காலி சாயும்போது பயத்தில் அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தால்தான் அடுத்த படி ஏற முடியும். மேலே அவர் உட்காரக்கூடிய கழிப்பறை இல்லை. அதனால் வாய்தாவுக்கு முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். மாத்திரைக்குக் கூட ஒரு மடக்குதான். போன டிசம்பரில் காலை பத்தரைக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணி வரை கூப்பிடவில்லை. அடக்க முடியாமல் நாற்காலியிலேயே சிறுநீர் போய்விட்டது. "யாரும் பார்க்கிறதுக்குள்ள துடைச்சிடுடி" என்று தன் முந்தானையை எடுத்துக் கொடுத்தார். துடைத்தேன். ஐந்து நிமிடத்தில் எழுத்தர் வெளியே வந்து, ஐயா முகாமுக்குப் போய்விட்டார், அடுத்த மாதம் வாருங்கள் என்றார்.

இப்படி ஏழு முறை ஏறியதில் இரண்டு முறைதான் விசாரணை நடந்தது. மற்றதெல்லாம் முகாம், ஜமாபந்தி, மந்திரி வருகை, எதிர்மனுதாரர் வரவில்லை. என் தம்பி வராவிட்டால் வாய்தா தருகிறார்கள். அம்மா வராவிட்டால் மட்டும் மனு தள்ளுபடி ஆகிவிடும் என்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

4. அம்மா நேரில் வந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 5-ஆம் பிரிவின்படி, இயலாத பெற்றோர் சார்பில் அவர் அதிகாரம் கொடுத்த ஒருவரே மனு போடலாம். 18-ஆம் பிரிவின்படி, பெற்றோர் விரும்பினால் பராமரிப்பு அலுவலர் அவருக்காகத் தீர்ப்பாயத்தில் ஆஜராக வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலர் அந்தப் பொறுப்பில் இருக்கிறார். இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். "பெரியம்மாவை ஒரு தடவை பார்க்கணும்" என்றார்கள். ஏழு தடவை பார்த்துவிட்டார்களே, ஐயா!

5. நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், காரணத்தை எழுத்தில் பதிந்து மேலும் 30 நாள் ஒரே ஒரு முறை நீட்டிக்கலாம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. நோட்டீஸ் சேர்ந்தது 2024 ஜூலையில். அந்தக் கெடு முடிந்த மாதம்தான் தங்களிடம் முதல் மனு கொடுத்தேன். அது "உரிய நடவடிக்கைக்காக" அதே அலுவலகத்துக்கே போனது. இரண்டாவதும் அங்கேதான் போனது. மூன்றாவதற்கு, விசாரணை நிலுவையில் உள்ளதால் மனு முடித்து வைக்கப்பட்டது என்று போனில் குறுஞ்செய்தி வந்தது. நிலுவையில் இருக்கிறது என்பதுதானே என் புகார்? அதையே பதிலாகச் சொன்னால் நான் இனி யாரிடம் போவது?

6. இடைக்காலத் தொகைக்கும் கேட்டிருந்தோம். விசாரணை முடியும்வரை மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கச் சொல்லத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கும் உத்தரவு இல்லை. டயப்பர், மருந்து, வாய்தாவுக்கு வாய்தா ஆட்டோவுக்கு 600 ரூபாய். வாய்தா நாளில் எனக்குத் தையலும் ஓடாது.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வர வேண்டும் என்று தங்களைக் கேட்கவில்லை. வீடு யாருக்கு என்பதைத் தீர்ப்பாயம் முடிவு செய்யட்டும். அம்மாவை இனிமேல் அந்தப் படியில் தூக்க வைக்காதீர்கள் என்றுதான் மன்றாடுகிறேன்.

விசாரணையைக் கீழ்த்தளத்தில் வைக்கலாம், தபால் பிரிவுக்குப் பக்கத்து அறை பூட்டித்தான் கிடக்கிறது. இல்லையென்றால் சமூக நல அலுவலரை அம்மா சார்பில் ஆஜராகச் சொல்லலாம். அதுவும் முடியாதென்றால் கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் வீட்டுக்கு வந்து வாக்குமூலம் வாங்கிப் போகட்டும். அம்மா தெளிவாகப் பேசுவார். மூன்றில் எது ஆனாலும் சரி. இடைக்காலத் தொகைக்கும் உத்தரவிட்டு, ஒரு தேதி குறித்து மனுவை முடித்து வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த வாய்தா வருகிற 18-ஆம் தேதி காலை 10.30 மணிக்கு. இந்த மனுவையும் அதே அலுவலகத்துக்கு அனுப்பிவிடாமல், அதற்குள் தாங்களே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஐயா. 17-ஆம் தேதி ராத்திரி அம்மா தண்ணீர் குடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(மகளின் கையொப்பம்)
(தாயாரின் இடது பெருவிரல் ரேகை)

இணைப்பு: செட்டில்மென்ட் பத்திர நகல், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, பதினோரு வாய்தாச் சீட்டுகள், முந்தைய மூன்று மனுக்களின் ரசீதுகள்.